ஏழாம் எண் பேருந்து

வியாழன் காலை பத்து மணிக்கு
உலை உருகியது,
தாளில்.
தாளில் காற்று தென்மேற்கிலிருந்து,
விநாடிக்கு ஆறு மீட்டர்.
வெளியே இலைகூட அசையவில்லை.
காய்ச்சி ஆறவைத்த பால்போல
ஏடு கட்டிக் கிடந்தது போத்னியா வளைகுடா,
பருவத்தின் முதல் பனி.

எனக்கு ஏழாம் எண் பேருந்து.
சட்டைப்பையில் பேனாவைப்போல் செருகிய டோசிமீட்டருக்கு
இது ஒத்திகையென்று யாரும் சொல்லவில்லை.
வழக்கமான சின்ன எண்ணையே
அக்கறையாகக் காட்டிக்கொண்டிருந்தது.

ஏறியவர் கழுத்திலெல்லாம் அட்டை.
தீயணைப்பில் ஓய்வுபெற்ற ஔலிஸுக்கு
"ஏழு மாதக் கர்ப்பிணி" என்று வாய்த்திருந்தது.
சிரித்துக்கொண்டுதான் ஏறினார்.
மூன்றாவது வளைவில் கண்ணாடியில் பார்க்கிறேன்,
வயிற்றின்மேல் ஒரு கை.
குழி வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் அழுந்துகிறது.
வேகத்தைக் குறைத்தேன்.

அயோடினுக்குப் பதில் புதினா மிட்டாய் தந்தார்கள்.
நாற்பது தாண்டியவர்களுக்கு அவசியமில்லை என்றாள் செவிலி.
நான் போன மாதம்தான் தாண்டினேன்.
நீட்டிய கையை உடனே மடக்கத் தெரியவில்லை.
மிட்டாய்தான்.
ஆனாலும்.

கடைசி நிறுத்தம் தைமியின் பண்ணை.
அவள் அட்டையில் "வெளியேற மறுப்பவர்".
மூன்று நிமிடம் மறுத்து
நாலாவதில் இணங்க வேண்டும், ஏற்பாடு அப்படி.
நாலு ஆயிற்று. பத்தும் ஆயிற்று.
"முப்பத்திரண்டு மாடு.
சாயங்காலம் ஐந்துக்கு யார் கறப்பது?"
மஞ்சள் மேலங்கிக்காரர் தாளைப் புரட்டினார்,
முன்னால், பின்னால், மறுபடி முன்னால்.
ஒத்திகைதானே அம்மா, ஏறுங்கள் என்றார்.
"அன்றைக்குக் கேட்டால் நின்று பதில் சொல்வீர்களா?"
கொட்டிலிலிருந்து ஒன்று கத்தியது.
அதற்கு அட்டை தரப்படவில்லை.

அவளை விட்டுவிட்டுக் கிளம்பினோம்.
பட்டியலில் ஒரு பெயருக்குப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

இரண்டு மணிக்கு விபத்து முடிந்தது.
பள்ளிக்கூடத்தில் பட்டாணி சூப், வியாழன் என்பதால்.
இருவருக்குச் சாப்பிட வேண்டுமே என்று
ஔலிஸ் இரண்டாம் கிண்ணம் வாங்கினார்.
அப்புறம் படிவம் வந்தது.
சைரன் கேட்டதா, பேருந்து நேரத்துக்கு வந்ததா,
கதவு ஜன்னல் அடைக்கச் சொன்னது புரிந்ததா.
பதினோராவது, ஓட்டுநர்களுக்கு மட்டும்:
மெய்யான நாளில் வருவீர்களா?
ஆம். இல்லை. சொல்ல இயலாது.

என் மகள் ஹில்லாவின் மழலைப்பள்ளி
உலைக்கு நாலு கிலோமீட்டர்.
அவளை ஏற்ற வேண்டியது மூன்றாம் எண் பேருந்து.
மூன்றாம் எண்ணை ஓட்டும் சுலோ
எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தார்.
அவர் பேனாவும் பதினொன்றில்தான் நின்றுபோயிருந்தது.
அவர் மனைவி சக்கர நாற்காலியில்,
மஞ்சள் வீட்டில்,
என் தடத்தில் மூன்றாவது நிறுத்தம்.

நிமிர்ந்தார்.
நானும்.
உப்பு வேண்டுமா என்றார்.
கொடுங்கள் என்றேன்.
சூப்பில் ஏற்கெனவே உப்பு அதிகம்.

வீடு திரும்பும்போது மணி ஐந்து.
தைமியின் கொட்டிலில் விளக்கு எரிந்தது,
கறவை இயந்திரத்தின் சத்தம்
சாலைவரை வந்தது.

எந்தக் கட்டத்தில் குறியிட்டேன் என்று
யாரிடமும் சொல்லவில்லை.
இப்போதெல்லாம் ஏழாம் எண்ணில்
டீசல் முள் பாதிக்குக் கீழே இறங்குவதில்லை.
மூன்றாம் எண்ணிலும்தான்.
ராத்திரி பணிமனையில் ஆளில்லாத நேரம்
எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.
நேற்று என் வண்டியின் கண்ணாடியில்,
முள் தெரிகிற பக்கமாக,
யாரோ பனியைத் துடைத்துப் பார்த்திருந்த
உள்ளங்கை அகல வட்டம்.