இருபத்திரண்டு டன்

செவ்வாய்க்கிழமை. எனக்கு லீவு.
பார்க்கிங் சீட்டை டாஷ்போர்டில் வைத்துவிட்டு
துஷ்யந்தி சப்பாத்து நாடாவை
இரண்டாம் முறை இறுக்குகிறாள்.
நீமோ மலை என்கிறது பலகை.
மலை என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது.
வயல்களுக்கு நடுவில்
யாரோ இழுத்துப் போட்ட மேசை மாதிரி
ஒரு சுண்ணாம்புக்கல் மேடு.

இதன் அடிவாரம் எனக்குத் தெரியும்.
ஒன்பது வருசம், காலை ஐந்து மணிக்கு
அந்தப் பக்கத்துக் குவாரி வாசலில்
நிறுவைத் தட்டில் ட்ரக்கை ஏற்றி
உடைத்த கல்லோடு இறங்கிப் போகிறவன்.
ஒரு லோட் இருபத்திரண்டு டன்.
மேலே வந்ததில்லை.
மேல் என்று ஒன்று இருப்பதாய்
நினைத்ததும் இல்லை.

இன்று காற்று எதிர்ப்பக்கம் போகிறது.
குவாரியின் சத்தம் இல்லை.
காய்ந்த இலையில் எங்கள் நான்கு கால்கள்,
எங்கோ ஒரு மரங்கொத்தி,
அவ்வளவுதான்.

பாதையோரம் பாறை வெடித்திருக்கிறது.
ஒரு ஆள் நுழையலாம்,
முக்கால் ஆள் என்றால் வசதி.
குளிர்ப்பெட்டிக் கதவை மூட மறந்ததுபோல்
உள்ளிருந்து ஒரு காற்று.
துஷ்யந்தி பையை என் தோளில் மாட்டினாள்.
கைபேசி வெளிச்சத்தை வாயில் கவ்வினாள்.
பக்கவாட்டில் திரும்பி, மூச்சை விட்டு,
இறங்கிப் போய்விட்டாள்.
நானும் முயன்றேன்.
வயிறு சம்மதிக்கவில்லை.

"என்ன தெரியுது?"

பதில் காலடியில் இருந்து வரவில்லை.
எனக்குப் பின்னால், பத்தடி தள்ளி,
பெரணிச் செடி ஒன்றின் அடியில் இருந்து:
"மே பிறந்திட்டுது. இங்க இன்னும் ஐஸ் கிடக்கு."

பிறகு வேறொரு பொந்தில் இருந்து:
"கல்லுக்குள்ள சிப்பி இருக்கப்பா!"

பிறகு எதிலிருந்தும் இல்லை.

நான்கு நிமிடம். கடிகாரம் பார்த்தேன்.
கூப்பிட வாய் எடுத்து, எந்த ஓட்டையில் என்று தெரியாமல்
ஒவ்வொன்றாய்க் குனிந்தேன்.
கல் என்றால் முழுக்கக் கல் என்றிருந்தேன்.
இத்தனை அறையும் இத்தனை வாசலுமாய்
இது இருந்திருக்கிறது.
நிறுவைத் தட்டு
ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் வந்தது
நான் பார்த்துக்கொண்டிருக்காத இடத்தில்.
முழங்காலில் சேறு, முடியில் சிலந்தி வலை.
"பயந்தீங்களோ?"
"இல்லை."
"பின்ன ஏன் என்ர பையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

விளிம்பில் குட்டை மதில்.
அதற்கப்பால் பாறைச் சுவரில்
இடுப்பளவு சீடார் மரங்கள்,
கீழ்நோக்கி வளர்ந்து பிறகு மனம் மாறியவை.
பிணந்தின்னிக் கழுகுகள் சுற்றுகின்றன, எங்களுக்குக் கீழே.
கழுகின் முதுகை
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
மண்ணிறம். சாதாரண முதுகு.

உழுத வயல். குதிரைப் பண்ணை.
மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஒன்று
யாரையும் இறக்காமல் போகிறது.
தூரத்தில் ஏரி, அதன் ஓரத்தில்
ஊசி குத்தி வைத்த ரொறன்ரோ.
"வடிவா இருக்கு" என்கிறாள்.
அவள் ஏரியைச் சொல்கிறாள்.
நான் நெடுஞ்சாலையைப் பார்க்கிறேன்.
அந்த வளைவு, நானூறு லோட்.
மில்டனின் புதுவீட்டு வரிசைகளின் அத்திவாரம்,
எண்ணவில்லை.
மழைக்காலத்தில் கார் புதையாமல்
எங்கள் வாசலில் கொட்டிப் பரப்பியது,
அரை லோட், கழிவு விலைக்கு.
உடைந்து, தட்டையாகி, தார் பூசிக்கொண்டு
இந்த மேட்டைச் சுற்றி
இந்த மேடே கிடக்கிறது.
இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன்.
சொல்லவில்லை. அவள் முகத்தில் வெயில்.

திரும்பும்போது சட்டைப் பையில் இருந்து
ஒரு சின்னக் கல் எடுத்துக் காட்டினாள்.
சிப்பியின் பாதி அதில் வரிவரியாய்.
"எடுக்கக் கூடாதாம். பலகையில இருக்கு" என்றேன்.
என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.
"ஆர் சொல்றது?"

சிரிப்பு வந்து, பிறகு நின்றுவிட்டது.
கல்லை வாங்கி
வெடிப்பின் வாயில் பிடித்து
விட்டேன்.
விழும் சத்தத்துக்காக நின்றோம்.
வரவில்லை.

பார்க்கிங்கில் இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது
என்றாள் துஷ்யந்தி.
நின்றோம்.