பத்து குறைய

ஆயிரத்து ஐந்நூறுக்குப் பத்து குறைய.
அப்படித்தான் சொன்னேன் அவள் அம்மாவிடம்,
மளிகைக் கணக்கில் சில்லறை உதைத்ததுபோல.
"ஆயிரத்து நானூத்தித் தொண்ணூறுன்னு சொன்னா
வாய் வலிக்குமா?" என்றாள் சுகந்தி.

டிராய் நகரத்து நவம்பர்
ஐந்து மணிக்கே கடையைச் சாத்துகிறது.
இலை வாரும் மெஷின்கள் ஓய்ந்த தெருவில்
வீட்டுக்கு ஒரு பிள்ளை
ஏதோ ஓர் எண்ணோடு சாப்பிட உட்கார்ந்திருக்கிறது.
எதிர்வீட்டு ரோனக்குக்கு ஆயிரத்து ஐந்நூற்று அறுபதாம்.
யாரும் கேட்கவில்லை; அவன் அம்மா
குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டே சொன்னாள்.

டிசம்பர் தேர்வுக்குப் பணம் கட்ட இன்றிரவு கடைசி.
பக்கத்துப் பள்ளிகளில் இடமில்லை.
சாகினாவில் இருக்கிறது, எண்பது மைல்.
பனி பெய்தால் ஐந்துக்கே கிளம்ப வேண்டும்.
எல்லாம் கணக்குப் போட்டுவிட்டேன்,
டயர் மாற்றுவது உட்பட.

சாம்பார் சாதத்தில் கத்தரிக்காயை ஓரம் கட்டியபடி
"அன்னிக்கு எனக்கு நாலு மேட்ச்ப்பா" என்றாள் ஆதிரை.
ஏழு வயதுக் குழந்தைகளின் கால்பந்துக்கு அவள் நடுவர்.
ஆட்டத்துக்குப் பதினெட்டு டாலர், ஒரு மஞ்சள் சட்டை,
கழுத்தில் விசில்.
"ரெண்டு தடவை எழுதிட்டேன்.
கமா எங்க வரும்னு மூணாவது தடவையும் சொல்லணுமா?"

கமா விழுந்த இடத்தில் பேச்சு நின்றது.

நானும் எழுதியிருக்கிறேன், மறுபடியும்.
கரூரில் அதற்கு இம்ப்ரூவ்மென்ட் என்று பெயர்.
பிளஸ் டூ முடித்த பையன்கள் ஒரு வருஷம்
டுடோரியல் மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே,
பழைய கேள்விக்குப் புதிதாகப் பதில் எழுதினோம்.
பாஸானவன் எதற்கு மறுபடி எழுதுகிறான்?
சலூன்காரர் கடைசிவரை நான் கோட் அடித்ததாகவே நம்பினார்,
கட்டிங்குக்கு இரண்டு ரூபாய் குறைத்தே வாங்கினார்.
கட்-ஆஃப் ஒன்றரை கூடியது.
அந்த ஒன்றரைதான் என்னை இங்கே இறக்கியதா?
இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
ஒன்றரை இல்லாத இன்னொரு நான்
எங்கேயும் இல்லை, போய்க் கேட்க.

பதினொன்றரை. அவள் அறையில் விளக்கு அணைந்துவிட்டது.
அடுப்படி மேடையில் மடிக்கணினி, பக்கத்தில் என் கார்டு.
அவள் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்,
முதல் தடவை பணம் கட்டியது நான்தான்.
பெயர், பள்ளி, சாகினா, சரி, சரி, சரி.
கடைசியில் ஒரு வரி:
தேர்வு எழுதப்போகிறவரே இதை நிரப்புகிறார்.
பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைச் சதுரம்.

எழுதுவதும் தேர்வு, எடுப்பதும் தேர்வு.
நல்ல மொழி.
வேண்டிய நேரத்தில் உதவாது.

ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது.
சதுரத்தின் மேல் அம்புக்குறியை நிறுத்திக்கொண்டு
அந்தப் பத்தைப் பார்த்தபடி இருந்தேன்.
ஒரு கமா. மிஞ்சினால் ஓர் அரைப்புள்ளி.
பன்னிரண்டுக்குப் பக்கம் தானாகவே வெளுத்தது.
நான் முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன்.

டிசம்பர் முதல் சனி.
ராச்செஸ்டரில் கூரை போட்ட மைதானம்,
வெளியே உறைபனி, உள்ளே ரப்பர்ப் புல்லின் நெடி.
விசிலைப் பல்லில் கடித்தபடி ஆதிரை மண்டியிட்டு
ஒருத்திக்கு ஷூ நாடா கட்டுகிறாள்.
பந்து அவர்களைத் தாண்டி உருண்டு போகிறது,
பின்னாலேயே பதினான்கு கால்கள்.

இந்த வயதில் கோல் கணக்கு வைப்பதில்லையாம்.
பலகைகூட அணைந்தே கிடக்கிறது.
முடிந்ததும் எல்லாருக்கும் ஆரஞ்சுச் சுளை.
யார் ஜெயித்தது என்று ஓர் அப்பா தன் பெண்ணைக் கேட்டார்.
அவள் சாறு வடியத் தோளைக் குலுக்கினாள்.

எனக்குத் தெரியும்.
நாலுக்கு மூன்று.
அந்த மூன்றாவதும்
சந்தேகம்தான்.