நாலு வேலிக்குப் போயிருச்சுங்

சாக்பீஸில் ஒன்று முதல் பத்து வரை
வாசலில் வட்டம் போட்டு
"ஏழு!" என்று கத்துவேன்.
பதினாறு பேரும் ஓடி
ஏழின் மேல் குவிவார்கள்,
ஒருத்தன் டவுசரை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு.
மூன்றாவது வாரம் ஒருவரும் தப்பவில்லை.
லிப்சா மட்டும் நிலைப்படியில் நிற்பாள்.
ஒடியாக்காரர் மகள், வந்து பத்து நாள்,
இன்னும் வாய் திறக்கவில்லை.
சூப்பர்வைசரம்மா
பதிவேட்டில் பச்சை மையில் எழுதிப் போனார்:
எண்கள் அறிவர்.

சனிக்கிழமை மயிலாத்தா வாசலைக் கழுவிவிட்டாள்.
திங்களன்று குழாயடிப் பக்கமிருந்து வரைந்தேன்.
"ஏழு!"
ஓடினார்கள்,
போன வாரம் ஏழு இருந்த இடத்துக்கு.
இப்போது அங்கே இரண்டு.
இரண்டின் மேல் நின்று
ஏழு ஏழு என்று குதித்தார்கள்.
சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.
இத்தனை நாள் நான் சொல்லிக்கொடுத்தது
எண்ணை அல்ல,
வாசலை.

கதிர்வேலின் அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.
ஒரு பை வேஸ்ட் துணி கேட்டேன்.
"எதுக்குங் டீச்சர், பலகை தொடைக்கவா?"
பனியன் ஆகாமல் போன வெள்ளைத் துண்டுகளில்
பெரிது பெரிதாக மார்க்கரில் எழுதிப்
பரப்பினேன்.

மாசம் ஆடி என்பதை மறந்துவிட்டேன்.
பாலக்காட்டுக் கணவாயில்
மழையை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு
வெறுங்கையோடு வரும் எங்கள் காற்று.
பத்துக்குக் கல் வைக்கக் குனிந்தேன்,
ஒன்று எழுந்து போயிற்று.
மூன்று தொட்டித் தண்ணீரில்.
ஐந்தும் ஆறும் ஒட்டிக்கொண்டு
சத்துமாவு மூட்டைக்குப் பின்னால்.
"எட்டு ஓடுது, எட்டு ஓடுது!"
"டீச்சர், நாலு வேலிக்குப் போயிருச்சுங்!"
நான் ஒரு எண்ணும் சொல்லவில்லை.
அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள்,
மூச்சு வாங்க,
முட்டியில் மண்ணோடு.

நிலைப்படியைத் தாண்டிப் பறந்தது ஒரு துணி.
லிப்சா எட்டிப் பிடித்தாள்.
இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்து,
முதல் முறையாக,
"சாத்தொ!"

கதிர்வேல் திரும்பினான்.
தான் நிற்கும் இடத்தைப் பார்க்கவில்லை,
துணியைப் பார்த்தான்.
"ஏழு" என்றான்.
"சாத்தொ" என்றாள்.
"ஏழுடி."
"சாத்தொ."
சாப்பாட்டு மணி வரைக்கும் தீரவில்லை.

கிளுவை முள்ளில் சிக்கியதை எடுக்கப் போய்
என் விரல்தான் கிழிந்தது.
பதிவேட்டில் எழுதினேன், நீல மையில்:
வருகை பதினேழு.
எண்கள் ஒன்பது.
நாலு வேலியில் இருக்கிறது.