முப்பத்திரண்டாம் வாரம்

சிக்காஷாவில் ஜூலை. கதவு தூக்கிய கராஜ்.
பெயின்ட் டப்பாக்களுக்கும் தூண்டில்களுக்கும் நடுவே
இஸ்திரி மேஜைமேல் கறுப்பாகக் கிடக்கிறது,
சின்னத் துடுப்பளவு.
தூக்கினால்தான் தெரியும் கனம்.

மரமில்லை, பேக்கலைட்.
உள்ளங்கையால் சூடேறத் தேய்த்து முகர்ந்தேன்:
கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தரை.
ஆள் சரிதான்.

"முப்பத்தெட்டாம் வருஷத்தது" என்கிறார் ஆர்லீன் ஹாட்செட்,
ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு.
"டாய்ல் சொன்னான். என் அண்ணன்.
ஞாயிறு தவிர எல்லா நாளும் பொய் சொல்வான்."

தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது தொள்ளாயிரம் டாலர் மாடு.

முதலில் வால்.
ஆறு கம்பியும் உடம்பைத் துளைத்து
அடிப்பக்கம் இறங்குகின்றன;
போருக்குப் பிந்தியதென்றால்
மேலேயே ஓர் உலோகத் தகட்டில் மாட்டி முடித்திருப்பார்கள்.
அடுத்து, கம்பிகளை வளைத்துப் பிடித்த லாடக் காந்தம்.
ஸ்கேல் வைத்தேன்: ஒன்றரை அங்குல அகலம்.
பின்னால் வந்தவற்றில் கால் அங்குலம் குறையும்.
அந்தக் கால் அங்குலத்துக்காக
விவாகரத்து வரை போன ஒருவனைத் தெரியும்.
இன்று காலைகூட அவனுக்குத்தான் சவரம் செய்துவிட்டேன்.

மெட்டுகள் பெயருக்குத்தான்.
வார்த்த வரப்புகள், வெள்ளை பூசியவை,
மடியில் கிடத்தி வாசிக்கையில்
விரலும் தொடாது, கம்பியும் தொடாது;
இரும்புத் துண்டு கம்பிமேல் வழுக்கிக்கொண்டு
அவற்றைக் கடந்து போகும்,
வீட்டு எண் பார்த்துப் போகும் தபால்காரரைப்போல.
வலது மணிக்கட்டு உட்கார்ந்த இடத்தில்
குரோமியம் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கிறது.
இதைப் போலியாகச் செய்ய முப்பது வருஷம் வேண்டும்.

தகட்டைக் கழற்றினேன். வால்யூம் திருகியின் முதுகில்
304632.
முதல் மூன்றும் செய்த கம்பெனி.
கடைசி இரண்டும் வாரம், ஆகஸ்ட்டில் விழும்.
நடுவில் ஒற்றை ஆறு.

ஈயம் அங்கே மட்டும் பளிச்சென்றிருந்தது.
மற்றப் பற்றுகள் சாம்பல் நிறம்.
அப்படியென்றால் இது பிறந்த தேதியல்ல,
அறுவை சிகிச்சைத் தேதி.
நாற்பத்தாறா, ஐம்பத்தாறா?
எண் பத்தாண்டைச் சொல்லாது. அவரைக் கேட்டேன்.

ஃபேனை நிறுத்தினார்.
"ஐம்பத்தாறு. அக்டோபர்.
என் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி
ஒரு ஜக் பீரை இதன்மேல் கவிழ்த்தான்.
விடிவதற்குள் ரேடியோ ரிப்பேர்காரனை எழுப்பி,
சட்டையில் ஈயப்பொட்டோடு சர்ச்சுக்கு வந்தான்.
நான் நடந்து வந்த வழியெல்லாம் பீர் வாடை.
பாதிரியார் இருமினார், அவ்வளவுதான்."

"பாகம் மாற்றியிருக்கிறது,
எண்பது டாலர் குறைய வேண்டும்" என்றேன்.
"என் கல்யாணத்தில் வாசித்தது,
எண்பது கூட வேண்டும்" என்றார்.
தொள்ளாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன்.

பெட்டியை மூடும்போது கேட்டார்:
"அப்போ முப்பத்தெட்டு நிஜந்தானா?"
"காந்தம் அப்படித்தான் சொல்கிறது."
கொஞ்ச நேரம் பெயின்ட் டப்பாக்களையே பார்த்தார்.
"அப்போ ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருப்பான்."

இரும்புத் துண்டைக் கேட்டேன்.
சமையலறைச் சன்னல் சாத்திக்கொள்ளாமல்
முட்டுக் கொடுத்திருக்கிறதாம்.
அது விற்பனைக்கு இல்லை.

டிரக்கில் ஏசி ஓடவில்லை.
நாற்பத்தொரு டிகிரியில் பேக்கலைட் இளகி
ஆறு கம்பியும் ஆறு பக்கம் சுருதி விலகின.
ஸ்பானர் பெட்டியில் ஒரு சாக்கெட்டை எடுத்து
மூன்றாம் கம்பிமேல் வைத்து இழுத்தேன்.
பிளக் இல்லாமல்,
காதுக்கு எட்டியும் எட்டாமலும்
எங்கோ ஏறிப் போனது.
சிக்னல் பச்சையாகியிருந்தது.
பின்னால் ஒருவன் ஹாரனடித்தான், கிட்டத்தட்ட அதே சுருதியில்.