அரை அரிசி

புயலில் சாய்ந்த லீச்சி மரத்தைக்
கரிக்கு விற்கப் போனார் மிசியே சூப்பிராயன்.
கால் முழத் துண்டு நான்கு கேட்டேன்.
"எதற்கு, பொம்மைக்கா?"
"இழைப்புளிக்கு" என்று
என் கட்டைவிரலை நீட்டிக் காட்டினேன்.
சிரித்துக்கொண்டே ஆறு கொடுத்தார்.

கட்டிலுக்கடியில் இரண்டு வருஷம்.
கியூர்பீப்பில் மரம் காய்வதென்றால்
ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில்தான்.
இரண்டு துண்டு வெடித்தன.
ஒன்றை நானே பிளந்தேன், ஆத்திரத்தில்.

ரோஸ் ஹில்லில் மர்லேன் வளையதன் வயலின் செய்கிறாள்.
மூன்று முடிந்துவிட்டது.
நான்காவதன் முதுகு மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிறது,
உளி கொத்திய தழும்புகளோடு.
"கடையில் விற்கிற பித்தளைக் குட்டிகள்
என் கையில் நிற்பதில்லை."
கையைக் காட்டினாள்.
சுட்டுவிரலும் நடுவிரலும்
முதல் கணுவோடு முடிந்திருந்தன.
சட்டை ஃபேக்டரி. பதினெட்டு வயது. இரவு ஷிப்ட்.
சொன்ன மூச்சிலேயே
தேநீருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள்.

அளவெடுக்க மாவு பிசைந்தோம்.
பிடிக்கிற மாதிரி பிடி என்றேன்.
பிடித்தாள், பதிந்தது.
நான் பென்சில் தேடுவதற்குள்
மாவு மெல்லப் புடைத்து
அவள் விரல்களை மறந்துவிட்டது.
அதை ஃபராத்தாவாகச் சுட்டுத் தின்றுவிட்டு,
கரண்ட் போன இரவுகளில் மிஞ்சிய
மெழுகுவத்திகளை உருக்கினோம்.
மெழுகு மறக்கவில்லை.

அலகுக்கு, ஆலையில் உடைந்த ரம்பத்தின் துண்டு.
பழுத்த மிளகாய்ச் சிவப்பு வரும்வரை நெருப்பில்;
பிறகு எண்ணெயில்.
காத்தோ பிமான் சுடுகிறவளிடம் வாங்கிய
நாலு நாள் பழைய எண்ணெய்.
உளுந்தே இல்லாமல் வடை மணந்தது தெரு.
மறுபடி மெல்லச் சூடு.
காய்ந்த கரும்புச் சோகையின் நிறம் ஓடிவரும்,
அங்கேயே நிறுத்த வேண்டும்.
கண் சிமிட்டினால் நீலம்,
நீலம் வந்தால் குப்பை.
இரண்டு முறை சிமிட்டினேன்.

அடி, கரண்டியின் முதுகுபோல
முன்பின்னும் வளைய வேண்டும், பக்கவாட்டிலும்.
வாய் குறுகல்.
பஸ் டிக்கெட் நுழைந்தால் அகலம் அதிகம்.
நுழைந்தது.
லீச்சிச் சில்லு ஒன்றை ஒட்டி
மறுபடி வாய் திறந்தேன்.
ஆப்பு, வால்,
உள்ளங்கையில் அமர ஒரு உருண்டை.

சோதித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.
எங்கே பிடித்தாலும்
என் கையில் இரண்டு விரல் கூடுதல்.
மடக்கிப் பார்த்தேன்.
நடுங்கி நடுங்கிக்
கட்டையில் ஏணிப்படி வெட்டியது அலகு.
குற்றம் அலகிலா, மடங்கிய விரல்களிலா?
சொல்ல ஆளில்லை.
பொட்டலம் கட்டிக்கொண்டு
ரோஸ் ஹில் பஸ் ஏறினேன்.

மேப்பிளில் வைத்தாள்.
முதல் தள்ளல் தடித்துக் கிழிந்தது.
ஆப்பில் ஒரு தட்டு.
இரண்டாவது, தூள்.
ஒன்றும் பேசாமல்
வயலினின் முதுகைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.
மூன்றாவதில் சத்தம் மாறியது,
பட்டுத் துணியை யாரோ
பக்கத்து அறையில் கிழிப்பதுபோல.
சுருளை எடுத்து ஜன்னலில் பிடித்தாள்.
அதன் வழியே
எதிர்வீட்டுக் கொடியில் காய்கிற சட்டைகள்.

நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை.
"வால் ஓர் அரிசி நீளம்" என்றாள்.
பையிலிருந்து அரத்தை எடுத்தேன்.
"அரை அரிசி" என்றாள்.