காற்றெடுத்தல்

பதினாறு பனிக்காலம்
கெமி நகரத்துச் சாலை உப்பு தின்ற காலிப்பர்.
பிஸ்டன் அசையவில்லை.
கிரீஸ் கன்னை வைத்து அழுத்த அழுத்த
கடைவாய்ப் பல்லைப்போல்
முனகிக்கொண்டு வந்தது.

புதியது நான்கு பிஸ்டன்,
நொறுங்கிய போலீஸ் காரில் கழற்றியது.
என் சாப் சக்கரத்தில் மூன்று மில்லிமீட்டர் இடித்தது.
வாஷர் தேடியே ஒரு சனிக்கிழமை போயிற்று.

ஆனால் காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும்.
மார்ச்சில் விவாகரத்தான இர்மெலியைக் கூப்பிட்டேன்.
பூட்ஸைக்கூடத் தட்டாமல்
ஏறி உட்கார்ந்தாள்.

அழுத்து.
பிடி.
விடு.

வேறு பேச்சில்லை.
குழாயில் குமிழிகள் கூட்டமாய்,
பிறகு ஒன்று,
வெகுநேரம் கழித்து
இன்னொன்று.

"கல்லு மாதிரி இருக்கு" என்றாள் மேலிருந்து.
போதும் என்றேன்.
நிப்பிளை இறுக்கி
ரப்பர் மூடியும் போட்டாயிற்று.

காருக்குப் பின்னால்
பனிமேல் விழுந்த சிவப்பு
இன்னும் அணையவில்லை.