அரை லிட்டர் பிழை

நான்கு நாளாய்க் கப்பல் இல்லை.
தெற்கத்திக் காற்று எட்டைத் தொட்டதென்று
துறைமுகக் காவலர் தடை எழுதி ஒட்டியிருக்கிறார்.
தாளின் ஒரு மூலை பிய்ந்து
தன்பாட்டுக்குப் படபடக்கிறது.
கடையில் பால் இல்லை. வெங்காயம் இருக்கிறது.
வெங்காயத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

காலையில் மழைத்தொட்டியைத் திறந்து
குச்சி விட்டு அளந்தேன்,
நான்கு விரற்கடை ஏறியிருந்தது.
மிதந்த பல்லியை வலையால் எடுத்து எறிந்தேன்.
கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தேன்,
இன்னும் ஒரு வாரம் என்றது.
பொய்யாகவும் இருக்கலாம்.
இரவெல்லாம் ராட்டர்டாம் கம்பெனி ஒன்றின் கணக்கு.
மின்சாரம் போனால்
யாருடைய நஷ்டமோ பாதியில் நிற்கும்.

கோடையில் வருகிறவர்கள் கேட்பார்கள்,
இங்கேயேவா இருக்கிறீர்கள், கொடுத்துவைத்தவர்.
அவர்களுக்கு ஜனவரி என்றொரு மாதம் தெரியாது.
படுக்கையறைச் சுவரில் பூஞ்சை
இன்னொரு தீவாய் வளர்வது தெரியாது.
போன வருடம் அதற்கு
ஒரு விரிகுடாதான் இருந்தது.
காய்ச்சலில் கிடந்த வாரம்
யாரோ வாசற்படியில் இரண்டு எலுமிச்சை
வைத்துவிட்டுப் போனார்கள்.
யாரென்று கேட்க எனக்கு வாக்கியம் அமையவில்லை.

ஐந்தாம் நாள் கப்பல் வந்தது.
அர்கிரோவின் கடைதான் தபால் நிலையமும்.
தூண்டில் முள், பாட்டரி, மத்தி மீன் டப்பா,
அதற்குப் பின்னே மர அலமாரி, நாற்பது பொந்து.
ஒவ்வொன்றிலும் பென்சிலில் ஒரு பட்டப்பெயர்.
மிகாலிஸ் மட்டும் பதினோரு பேர் இங்கே.
ஆகவே
விளக்கு மிகாலிஸ்,
முட்டிவலி மிகாலிஸ்,
கடன் மிகாலிஸ்.
கடன் மிகாலிஸ் இறந்து மூன்று வருடம்.
மின்வாரியம் இன்னும் அவருக்கு எழுதுகிறது.

வந்தேறிகளுக்குப் பொந்து கிடையாது,
எல்லோருக்கும் சேர்த்து ஒரு செருப்புப் பெட்டி.
ஹென்னிங்கின் பல் வைத்தியர் பில்,
மோராகின் பென்ஷன் கடிதம்,
யாரோ ஒரு பெல்ஜியக்காரருக்கு
அவர் போன பிறகும் வரும் தோட்டப் பத்திரிகை.
ஏழு வருடம் கிளறியதில்
எல்லோர் நோயும் எனக்கு மனப்பாடம்.
என்னுடையது அவர்களுக்கு.

அன்று பெட்டியில் எனக்கு ஒன்றுமில்லை.
வதிவிட அட்டை வரவேண்டும்.
நீல ரசீது மடிப்பில் கிழிந்து
டேப்பின் தயவில் இருக்கிறது.
இரண்டாம் முறையும் கிளறினேன்.
டப்பாக்களுக்கு விலை ஒட்டிக்கொண்டிருந்த அர்கிரோ
நிமிராமல் மோவாயால் காட்டினாள்.
மேல் வரிசை. கடன் மிகாலிஸுக்கு அடுத்து.

பென்சிலில் ஒரே சொல்: லாதோஸ்.

வந்த புதிதில், இதே கடையில்,
எண்ணெய்க்கு லாதி என்று
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து
சீட்டாடிய நான்கு பேர் பார்க்க
அரை லிட்டர் லாதோஸ் கொடுங்கள் என்றேன்.
அரை லிட்டர் பிழை.
பாட்டில் கொண்டுவந்தாயா
என்று மட்டும் கேட்டாள் அர்கிரோ.

ஏழு வருடமாய் எனக்குத் தெரியாமல்
அந்தச் சொல் இந்த ஊரில் ஓர் ஆளாய்
நடமாடியிருக்கிறது.
பிழையின் கூரை ஒழுகுகிறதாம்.
பிழை நேற்று ரொட்டிக்கு வரவில்லை.
பிழையின் வாசலில் இரண்டு எலுமிச்சை வைத்துவிட்டு வா.

என் மொழியில் அந்தச் சொல்லுக்கு
இன்னொரு பக்கம் உண்டு.
ஆற்றில் போனவன் கரையேறினால்
பிழைத்தான் என்போம்.
அடுத்தவர் கணக்கெழுதி வாடகை கட்டினால்
அது பிழைப்பு.
இருக்கிற இலக்கணத்தோடு சொல்லிப் பார்த்தேன்:
நான் பிழை. அதாவது, சாகவில்லை.
வினைச்சொல் தப்பு என்றாள்.
திருத்தினாள்.
பதிவேட்டில் கையெழுத்து வாங்கினாள்.

உறைக்குள் அட்டை இல்லை.
இன்னொரு போட்டோ வேண்டுமாம்,
இரண்டு காதும் தெரியும்படி.

பால் வந்திருந்தது, எடுத்துக்கொண்டேன்.
வீட்டில் எண்ணெய் தீர்ந்தது அப்போதுதான் நினைவு வந்தது.
பாட்டில் கொண்டுவரவில்லை.